பரதத்தை விட்டால்தான் ஜாஸ் வருமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலிருந்து பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய கடிதம் இது. நான்கு பக்கம், பெரும்பகுதி தமிழில். ஆயா (பாட்டி) பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை திருத்தித் தந்தாராம். பெயரையும் பள்ளியையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பதினாறு வயது. ஆறு வயதிலிருந்து பரதநாட்டியம். அடுத்த ஜூலையில் அரங்கேற்றம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. போன வருடம் பள்ளியில் போட்ட மியூசிக்கலில் ஒரு சின்ன வேடம் கிடைத்தது. அன்றிலிருந்து அவளுக்கு மேடை என்றால் பாட்டும் வசனமும் ஆட்டமும் சேர்ந்த அந்த மேடைதான். மூன்று மாதம் முன்பு நகரத்தில் நடந்த ஓர் ஆடிஷனுக்குப் போனாள். பாட்டில் தேறினாள். நடனச் சுற்றில் மாட்டிக்கொண்டாள். தேர்வுக் குழுவில் ஒருவர், “உன் உடம்பு மரக்கட்டை மாதிரி இருக்கிறது, கிளாசிக்கல் அதிகம்” என்றாராம். அன்று ராத்திரியே கராஜில் இருந்த காரை வெளியே எடுக்கச் சொல்லி, போனில் கன்டெம்பரரி என்னும் நவீன நடன வீடியோக்களைப் போட்டுப் பார்த்து ஆடத் தொடங்கிவிட்டாள். இப்போது இரண்டு முழங்காலும் வலிக்கின்றன.

அவள் கேட்பது நான்கு விஷயம். பரதத்தை விட்டுவிடலாமா? பாலே படிக்காமல் பதினாறு வயதில் தொடங்குவது காலம் கடந்த ஆசையா? முழங்கால் வலிக்குக் காரணம் பரதமா, கன்டெம்பரரியா? ‘பயிற்சிக்கும் போட்டோ ஆல்பத்துக்கும்’ 6,500 ரேண்ட் கட்டினால் வாய்ப்பு வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார், கட்டலாமா?

‘டாக்டர் ஆன்ட்டி’ என்று எழுதியிருக்கிறாய், அந்த உரிமையிலேயே பேசுகிறேன். நான் விளையாட்டு மருத்துவர். என்னிடம் வருபவர்களில் ஓட்டக்காரர்கள் பாதி, ஆடுகிற பிள்ளைகள் பாதி. நீ முழங்காலை மூன்றாவதாக வைத்தாய். எனக்கு அதுதான் முதலில்.

முழங்கால்

கடிதத்தை வைத்து நோயைச் சொல்லிவிட முடியாது. ஆனால் நீ எழுதியிருக்கும் அடையாளங்கள் தெளிவாக இருக்கின்றன: முழங்கால் சில்லைச் சுற்றி, முன்பக்கமாக வலி, படி ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போது குத்துகிறது, டாக்ஸியில் ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்து எழுந்தால் பிடிக்கிறது. வீக்கம் இல்லை, கால் பூட்டிக்கொள்ளவில்லை. உன் வயதுப் பெண்களிடம் இதை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். பெரும்பாலும் சில்லுக்குப் பின்னால் சேரும் அழுத்தத்தால் வருவது. எலும்பு முறிவோ ஜவ்வுக் கிழிசலோ இருந்தால் கதை வேறு மாதிரி இருக்கும். இருந்தாலும் ஒரு தடவை நேரில் காட்டிவிடு. முழங்கால் வீங்கினால், ஆடும்போது கால் நழுவி மடங்கினால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், கணுக்காலுக்கு மேலே எலும்பில் ஒரே ஒரு புள்ளியில் விரல் வைத்தால் துடித்தால், அடுத்த நாள் வரைகூடக் காத்திருக்காதே.

காரணம் பரதமா கன்டெம்பரரியா என்றால், இரண்டும் இல்லை என்பேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பரதம் வாரத்துக்கு ஆறு மணி நேரம். பள்ளியில் நெட்பால் மூன்று. கராஜில் ஐந்து ராத்திரி, ஒன்றரை மணி நேரம் வீதம் ஏழரை. ஆக மொத்தம் பதினாறரை. இளம் விளையாட்டு வீரர்களைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: வாரப் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. உனக்கு வயது பதினாறு. எல்லையை ஏற்கெனவே தாண்டிவிட்டாய், அதுவும் சிமென்ட் தரையில், வெறுங்காலோடு, மூன்றே மாதத்தில். இப்போது ஸ்டூடியோவில் சொல்லும் ஜாஸ், பாலே, கன்டெம்பரரி, டாப் (காலணியால் தாளம் தட்டும் ஆட்டம்) எல்லாம் சேர்ந்த வாரம் ஆறு மணி நேரப் பாக்கேஜையும் எடுத்தால் இருபத்திரண்டரை ஆகும். உடம்பு தாங்காதது அந்தத் திடீர் ஏற்றத்தை. எந்த ஆட்டம் என்று அது பார்ப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. பரதம் ஆடுகிற பிள்ளைகள் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு அரைமண்டியில் (முழங்காலை வெளிப்பக்கமாக மடக்கிப் பாதி அமரும் நிலையில்) உட்காரச் சொல்வேன். முழங்கால் சில்லின் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பேன். அந்தப் புள்ளியிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால் அது பாதத்தின் இரண்டாம் விரல் பக்கம் விழ வேண்டும். பலருக்குக் கட்டைவிரலையும் தாண்டி உள்ளே விழுகிறது. பாதம் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது, முழங்கால் திரும்பவில்லை. விரிவு இடுப்பிலிருந்து வர வேண்டும். இடுப்பு தராததைப் பாதத்தை முறுக்கி வாங்கினால், நடுவில் நிற்கிற முழங்கால்தான் அதைச் சுமக்கும். ஆசிரியை “இன்னும் விரி” என்று அதட்டும்போது எல்லாரும் செய்வது இதுதான். நானும் செய்தேன். வீட்டுக் கண்ணாடி முன் நின்று நீயே சோதித்துப் பார். இரண்டாம் விரலுக்கு நேராக வராவிட்டால், வரும் அளவுக்குப் பாதத்தைக் குறைத்துத் திருப்பு. அரைமண்டி பார்க்கக் கொஞ்சம் சிறிதாகத் தெரியும். தெரியட்டும்.

கராஜ் ஆட்டத்தை இன்றோடு நிறுத்து. ஆறு வாரம், வாரத்தில் மூன்று நாள், கண்ணாடி முன் ஒற்றைக் காலில் நின்று மெதுவாகப் பாதி உட்கார்ந்து எழு, ஒரு காலுக்குப் பத்துத் தடவை. முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் அந்த எண்ணிக்கை செல்லாது. பிறகு ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு. இருபத்தைந்து வரை வர வேண்டும். பன்னிரண்டிலேயே கெண்டைக்கால் நடுங்குகிறது என்றால் ஜாஸ் வகுப்பில் குதித்து இறங்க அது இன்னும் தயாராகவில்லை. உன் தம்பி உன் கால் மேல் ஏறி உட்கார்ந்து ஸ்ப்ளிட் அழுத்தும் வேலையும் வேண்டாம். தொடைப் பின்தசை எலும்போடு ஒட்டும் இடம் கிழிந்தால் ஆறுவதற்கு மாதக்கணக்காகும். நீட்டல் எல்லாம் உடம்பு சூடான பிறகு, உன் சொந்த எடையில், வலி தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே.

அப்புறம், மூன்றாம் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் போட்டிருந்த வரி. உன்னிடம் கேட்டு, நீ சரி என்ற பிறகுதான் இதை இங்கே எழுதுகிறேன். ஒத்திகை நாட்களில் இரவுச் சாப்பாட்டை விடுகிறாய். மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. ‘ஆடுகிறவர்களுக்கு இது சகஜம்’ என்று தோழி சொன்னாளாம். அடிக்கடி நடக்கிறது என்பது நிஜம், அதனால் அது சரி என்று ஆகிவிடாது. செலவாகிற அளவுக்கு உணவு போகாவிட்டால் உடம்பு சீக்கிரமே நிறுத்திவிடுவதில் ஒன்று மாதவிலக்கு. கூடவே எலும்பு வலுவாவதும் நின்றுபோகிறது. எலும்பு சேர வேண்டிய வயதே இதுதான். வேறு காரணங்களும் இருக்கலாம், ஆகவே இதை அம்மாவிடம் சொல்லி இந்த மாதமே பரிசோதனைக்குப் போ. புரட்டாசி விரதம், காவடி விரதம் எல்லாம் உங்கள் வீட்டில் உண்டு என்று எழுதியிருக்கிறாய். அந்த நாட்களில் பருப்பும் தயிரும் பழமும் வயிறு நிறையச் சாப்பிடு. வெறும் டீயோடு ஒத்திகைக்குப் போகாதே. ஆட்டத்தில் உன்னைத் தூக்குகிறவன் திணறினால் அவன் பயிற்சி எடுக்கட்டும்.

பரதம் இடைஞ்சலா?

ஒரு பழைய கதை சொல்கிறேன். ஜாக் கோல் என்று அமெரிக்க நடன அமைப்பாளர் ஒருவர் இருந்தார், 1911இல் பிறந்து 1974இல் காலமானவர். பிராட்வே மேடையிலும் ஹாலிவுட்டிலும் இன்று ‘தியேட்டர் ஜாஸ்’ என்று சொல்கிறார்களே, அதற்குத் தந்தை என்று நடன வரலாற்றில் சொல்லப்படுபவர். அவர் முறையாகப் பரதநாட்டியம் கற்றவர். அந்த அசைவுகளை ஸ்விங் இசைக்கு ஆடிப் பார்த்து, அதிலிருந்து தன் பாணியை வளர்த்தார். தாழ்ந்து உட்கார்ந்த நிலை, கழுத்தும் தோளும் தனித்தனியாக அசைவது, கூர்மையாக நின்றுவிடும் கைகள் எல்லாம் அங்கிருந்துதான். அவருக்கு உதவியாளராக இருந்த க்வென் வெர்டன் பிறகு பிராட்வேயின் பெரிய நட்சத்திரம் ஆனார். பாப் ஃபாஸியும் அவருடைய தாக்கத்தில் வளர்ந்தவர்தான். அவர் எடுத்த விதமெல்லாம் எனக்கு உவப்பு என்று சொல்ல மாட்டேன். நைட்கிளப்புக்காகப் பிய்த்தெடுத்தது நிறைய. ஆனால் ‘கிளாசிக்கல் அதிகம்’ என்று உன்னைச் சொன்னவர் ஆடும் ஜாஸில் உன் பரதத்தின் ரத்தம் கொஞ்சம் ஓடுகிறது என்பதை நீ தெரிந்துகொள்வது நல்லது.

ஜாஸ் வகுப்பில் முதல் மாதம் ‘ஐசொலேஷன்’ என்று தலை, தோள், விலா, இடுப்பு என ஒவ்வொன்றையும் தனியாக அசைக்கச் சொல்வார்கள். மற்ற பிள்ளைகள் கழுத்தை மட்டும் பக்கவாட்டில் நகர்த்தத் தெரியாமல் தோளையும் சேர்த்து ஆட்டுவார்கள். நீ அதை ஏழு வயதில் அட்டமி என்ற பெயரில் கற்றுவிட்டாய். எட்டு எண்ணிக்கை உனக்குப் புதிது இல்லை, ஆதி தாளத்துக்கும் எட்டு அட்சரம்தான். ஆடிஷனில் நீ தடுமாறியது எண்ணத் தெரியாமல் இல்லை. நீ மனப்பாடம் செய்யும் வழி வேறு. உனக்குச் சொற்கட்டு வேண்டும், அங்கே சொற்கட்டு கிடையாது. நீயே போட்டுக்கொள். சொல்லித் தரும் அசைவுகளுக்கு மனசுக்குள் ‘தெய்யா தெய்’ என்றோ ‘தெய்யும் தத்தத் தெய்யும் தா’ என்றோ ஓட்டு. யாருக்கும் கேட்காது. ஒன்றை மட்டும் கவனி: ஜாஸில் அழுத்தம் இரண்டிலும் நான்கிலும் விழும், சில சமயம் எண்ணிக்கைக்கு நடுவிலும் விழும். தாளம் தொடங்கும் இடமான சமத்தில் அழுத்தி மிதித்தே பழகிய காலுக்கு இது முதலில் எரிச்சலாக இருக்கும்.

ஆக, அந்தத் தேர்வாளர் சொன்னது முழுக்கப் பொய்யா? இல்லை. வார்த்தை முரட்டுத்தனமானது, ஆனால் பார்த்தது சரி. பரதத்தில் முதுகெலும்பு நிமிர்ந்தே நிற்கும். கன்டெம்பரரியில் முதுகெலும்புதான் முதலில் பேசும். மூச்சை விட்டு வயிற்றை உள்வாங்கி முதுகை வளைப்பது, இடுப்பிலிருந்து சரிந்து விழுவது, சமநிலை தவறி மீள்வது என்று பத்து வருடமாக ‘செய்யாதே’ என்று கேட்ட அத்தனையும் அங்கே பாடம். பாதம் விரியாமல் நேராக நிற்க வேண்டும், அது இன்னொரு சிரமம். குதித்தால் முன்பாதத்தில் இறங்கி மெதுவாகக் குதிகாலைத் தரையில் வைக்க வேண்டும். தட்டடவு போல முழுப் பாதத்தையும் அறைந்தால் உன் முழங்கால் மறுபடி எனக்குக் கடிதம் எழுதும். தரையில் விழும் அசைவுகளில் எலும்பின் மேல் விழாமல் தொடை, பக்கம், முதுகு என்று உருள வேண்டும். மண்டி அடவு நன்றாகப் போடுவாய் என்பதற்காக முழங்காலில் போய் இறங்காதே. பேட் போட்டுக்கொள்.

முகபாவம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பதப் பாடலுக்கு அபிநயம் பிடிக்கத் தெரிந்தவளுக்கு மியூசிக்கலின் அடிப்படை பாதி தெரியும்: வசனம் போதாதபோது பாட்டு, பாட்டும் போதாதபோது ஆட்டம். ஆனால் கண்ணை அகல விரித்துப் புருவத்தைத் தூக்கும் பாவம் பக்கத்து வீட்டுப் பெண் வேடத்தில் சிரிப்பு மூட்டும். குறைத்து நடிக்கப் பழகு.

காலம் கடந்ததா?

பாலே கம்பெனியில் முன்வரிசைக் கலைஞர் ஆக வேண்டும் என்று கேட்டிருந்தால் என் பதில் வேறு. மியூசிக்கலுக்கு அப்படி இல்லை. கல்லூரியில் சேர்ந்த பிறகு பாலே கம்பியைப் பிடித்தவர்களும் இந்தத் துறையில் உண்டு. நீ ‘கன்டெம்பரரி’ என்று நினைப்பது போனில் வரும் உருகி உருகி ஆடும் ஒரு வகையை மட்டும். மியூசிக்கல் மேடைக்கு அதைவிட ஜாஸ் முக்கியம். பாலே அடிப்படை அதற்கு முதுகெலும்பு. டாப் பிறகு வரலாம், உன் காலில் ஏற்கெனவே தாளம் இருக்கிறது. கணுக்காலைத் தளர விடத்தான் கற்க வேண்டும்.

நம் நாட்டு மேடையில் ‘கன்டெம்பரரி’ என்ற சொல்லுக்கு இன்னும் அகலமான பொருள் உண்டு. 1987இல் ஜொஹானஸ்பர்க் மார்க்கெட் தியேட்டரில் தொடங்கி அடுத்த வருடமே பிராட்வே போன ‘சரஃபினா!’ மியூசிக்கலை யோசித்துப் பார். சுரங்கத் தொழிலாளர்கள் ரப்பர் பூட்ஸைத் தட்டி ஆடும் கம்பூட் ஆட்டமும் கறுப்பினக் குடியிருப்புகளான டவுன்ஷிப்புகளின் பான்ட்சுலா ஆட்டமும் இந்த நாட்டில் எந்த ஆடிஷனிலும் வரலாம். தரையை மிதித்துத் தாளம் எழுப்பும் ஆட்டங்களில் தட்டடவு போட்ட காலுக்கு என்ன பயம்? டர்பனிலேயே சூர்யலங்கா குழுவினர் பரதத்தையும் ஆப்பிரிக்க ஆட்டத்தையும் ஒரே மேடையில் சேர்த்து ஆடியிருக்கிறார்கள். நேட்டால் பல்கலைக்கழகம் என்று நாங்கள் அழைத்த இடத்தில் 1998இல் தொடங்கிய ‘ஜோம்பா!’ கன்டெம்பரரி நடன விழா நடக்கும்போது ஒரு மாலையாவது போய்ப் பார். போனில் ஐம்பது வீடியோ பார்ப்பதைவிட அது மேல்.

இப்போதைக்கு வாரம் ஒரு ஜாஸ், ஒரு கன்டெம்பரரி. அவ்வளவுதான். பரதத்தை நான்கு மணி நேரமாகக் குறை. ஒரு நாள் முழு ஓய்வு. ஸ்டூடியோவில் சேரும் முன் தரையை மிதித்துப் பார், மரப்பலகைக்குக் கீழே கொஞ்சம் துள்ளல் இருக்க வேண்டும். ஓடு ஒட்டிய சிமென்ட் என்றால் திரும்பி வா, எவ்வளவு பெரிய கண்ணாடி மாட்டியிருந்தாலும் சரி.

அரங்கேற்றமும் அம்மாவும் ஆயாவும்

அரங்கேற்றத்தை விட்டுவிட வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தத் தேதி எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஜூலை என்றால் நீ மேட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. ஆகஸ்ட், செப்டம்பரில் ட்ரையல் தேர்வு, அக்டோபர் கடைசியில் இறுதித் தேர்வு. இரண்டரை மணி நேர மார்க்கத்துக்கு (அரங்கேற்றத்தில் ஆடும் முழு உருப்படி வரிசைக்கு) உடம்பைத் தயார் செய்யும் அதே மாதங்கள். மேட்ரிக் முடிந்த டிசம்பருக்கோ ஜனவரிக்கோ தள்ள முடியுமா என்று ஆசிரியையிடம் நீயும் அம்மாவும் சேர்ந்து போய்க் கேளுங்கள். நீ தனியாகப் போனால் ‘ஜாஸ் புத்தி’ என்றுதான் நினைப்பார்.

ஆயாவுக்கு எழுபத்தெட்டு வயது, ‘நான் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்’ என்கிறார். அதை லேசாகத் தள்ளிவிட எனக்கும் மனம் வரவில்லை. ஒரு வழி இருக்கிறது. இந்த வருடம் ஆடி மாதக் கூழ் வார்க்கும் சமயத்தில் கோயில் மண்டபத்தில் ஒரு வர்ணமும் ஒரு பதமும் மட்டும் ஆடு. ஆயா முன்வரிசையில் உட்காரட்டும். முழு மார்க்கம் பிறகு.

அம்மா ‘முதலில் ஆசிரியர் படிப்பு’ என்கிறார். அவர் சொல்வது உனக்கு எதிரானது என்று நினைக்காதே. பிரிட்டோரியாவில் ட்ஷ்வானே தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மியூசிக்கல் தியேட்டருக்கென்றே படிப்பு நடத்தி வந்திருக்கிறது. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நாடகப் படிப்பு உண்டு, வீட்டிலிருந்தே போய் வரலாம். இப்படி இடங்களில் மேட்ரிக் மதிப்பெண்ணோடு ஆடிஷனும் பார்ப்பார்கள். இரண்டு விண்ணப்பங்களையும் ஆசிரியர் படிப்பு விண்ணப்பத்தையும் ஒன்றாகவே போட்டு வை. எதில் இடம் கிடைக்கிறது என்று தெரிந்த பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.

அந்த 6,500 ரேண்ட்

கட்டாதே. இது என் துறை இல்லை, ஆனாலும் இதைச் சொல்ல வழக்கறிஞர் தேவையில்லை. நடிகர்களின் ஏஜென்ட் சம்பாதிப்பது நீ வாங்கும் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து. வேலை வருவதற்கு முன்னாலேயே உன்னிடம் பணம் கேட்கிறவருக்கு, உனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்ற அவசரம் எதற்கு? வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுகிறவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதுதான் 2014ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டத்தின் பொது விதி. ‘இது வேலைக்கு இல்லை, பயிற்சிக்கு’ என்று அவர் சொல்லலாம். அப்படியானால் பயிற்சி எங்கே, யார் ஆசிரியர், எத்தனை மணி நேரம் என்று எழுதிக் கேள். அநேகமாகப் பதில் வராது.

உனக்குப் பதினெட்டு ஆகவில்லை. எந்த ஒப்பந்தத்திலும் பெற்றோர் பார்த்துச் சம்மதிக்காமல் கையெழுத்துப் போடாதே. ‘தனியாக வா, ஒரு போட்டோ எடுக்க வேண்டும்’ என்று சொன்னால் அம்மாவோ அக்காவோ கூட வருவார் என்று சொல்லிப் பார். முகம் சுளித்தால் விஷயம் முடிந்தது. ஆடிஷனுக்கு ஒரு நல்ல முகப்படமும், ஒரு பக்கத்தில் நீ கற்றதையும் ஆடியதையும் எழுதிய தாளும் போதும். அந்தத் தாளில் முதல் வரியாகப் பத்து வருடப் பரதத்தை எழுது. கடிதத்தில் செய்த மாதிரி கடைசியில் ஒளித்து வைக்காதே.

ஆறு வாரம் கழித்து எனக்கு எழுது. படி இறங்கும்போது எந்தப் படியில் குத்துகிறது, ஒற்றைக் காலில் குதிகால் எத்தனை தடவை எழுகிறது, மாதவிலக்கு வந்ததா என்ற மூன்றும் வேண்டும். தமிழிலேயே எழுது, ஆயா திருத்தித் தரட்டும். கடைசிப் பக்கத்தில் ‘முழங்கால்’ என்பதில் ‘ழ’வுக்குப் பதில் ‘ள’ போட்டு எழுதியிருந்தாய், அது அவர் கண்ணிலும் தப்பிவிட்டது.